ஒத்துக்கிட்டவனுக்கு அடி, சாதிச்சவனுக்கு பேனரா? யுஎன்சி பேப்பர் கிளாஸ் விஷயத்துல இன்னும் கடுப்பு ஆறல

ஓநாய்க்கூட்டம்_கேரி எழுதியது:

நார்த் கரோலினால ட்ரையாங்கிள் பக்கம் இருக்கிற நம்மாளுங்க நிறைய பேர் இங்க இருக்கீங்கன்னு தெரியும், அதனால இங்கயே கொட்டிடறேன். கொஞ்சம் நீளம்தான், டீ எடுத்துட்டு வந்து படிங்க.

போன சனிக்கிழமை பக்கத்து வீட்ல சாப்பாடு. திருநெல்வேலிக்காரர், தங்கமான மனுஷன், ஆனா பையன் யுஎன்சில, அதாவது சேப்பல் ஹில்ல இருக்கற நார்த் கரோலினா யுனிவர்சிட்டில சேர்ந்ததுல இருந்து வீடு பூரா வெளிர் நீலம், கார் கதவுல கூட அவங்க டீமோட டார் ஹீல் ஸ்டிக்கர். நான் என்சி ஸ்டேட்ல எம்எஸ் பண்ணவன், எங்க ஊர்ல இது மாமியார் மருமக மாதிரி, சிரிச்சுக்கிட்டே இடிப்போம். பேச்சு பாஸ்கெட்பாலுக்கு வந்துச்சு, அவர் "2005, 2009, 2017, மூணு சாம்பியன் பேனர் பாத்தீங்களா" அப்படின்னார். நான் சும்மா இருந்திருக்கணும். "அதுல ரெண்டு பேனர் எழுதப் படிக்காமலே பாஸ் ஆன பேனர் அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டேன். அவர் கூலா "என்சிஏஏவே விசாரிச்சு ஒண்ணுமில்லன்னு விட்டுட்டாங்கல்லா, பெறவு என்ன"ன்னு கேட்டார். அவ்ளோதான், அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு.

தெரியாதவங்களுக்கு கதை. என்சிஏஏன்னா இங்க காலேஜ் விளையாட்டுக்கு பிசிசிஐ மாதிரி. யுஎன்சி சேப்பல் ஹில்ல ஆஃப்ரிக்கன் அண்ட் ஆஃப்ரோ அமெரிக்கன் ஸ்டடீஸ்னு ஒரு டிபார்ட்மெண்ட். அங்க 1993ல இருந்து 2011 வரைக்கும், பதினெட்டு வருஷம், "பேப்பர் கிளாஸ்"னு ஒண்ணு ஓடிருக்கு. கிளாஸ்ரூம் கிடையாது, வாத்தியார் கிடையாது, செமஸ்டர் கடைசில ஒரு பேப்பர் எழுதிக் குடுத்தா போதும், அதைத் திருத்தினது ப்ரொஃபசர் இல்ல, டிபார்ட்மெண்ட் ஆபீஸ்ல நிர்வாக வேலை பாத்த டெப்ரா க்ரௌடர்ங்கற அம்மா. பேப்பர்ல என்ன எழுதிருக்குன்னு பெரிசா பாக்காம ஏ, பி ப்ளஸ்னு போட்டு அனுப்பிருக்காங்க. டிபார்ட்மெண்ட் தலைவர் ஜூலியஸ் ந்யாங்கோரோவுக்கு எல்லாம் தெரியும். 2014 அக்டோபர்ல கென்னத் வெய்ன்ஸ்டீன்னு ஒரு முன்னாள் ஃபெடரல் ப்ராசிக்யூட்டர், யுனிவர்சிட்டியே கூப்பிட்டு வெச்சவர், ரிப்போர்ட் குடுத்தார். 3,100 பேருக்கு மேல இந்த கிளாஸ் எடுத்திருக்காங்க. அந்த சீட்டுகள்ல கிட்டத்தட்ட பாதி விளையாட்டுப் பசங்களுது, கேம்பஸ்ல மொத்தமா பாத்தா அவங்க நாலு பர்சண்ட்தான். இதைத் தற்செயல்னு யாராவது சொன்னா எனக்கு ஒரு பாட்டில் நெய் கடனா குடுங்க, காதுல ஊத்திக்கிறேன்.

எனக்கு ரொம்ப எரிச்சல் குடுத்தது ஒரு ஸ்லைடு. 2009ல அந்தம்மா ரிட்டயர் ஆயிடறாங்க. உடனே ஃபுட்பால் டீமோட அகாடமிக் கவுன்சிலருங்க கோச்சுங்க முன்னாடி பவர்பாயிண்ட் போட்டு அழறாங்க, கிளாஸுக்குப் போக வேணாம், நோட்ஸ் எடுக்க வேணாம், முழிச்சுக்கிட்டு இருக்கக்கூட வேணாம்ங்கற மாதிரி கோர்ஸ்ல பசங்கள போட்டு வெச்சிருந்தோம், இப்ப அது இல்லன்னு. அந்த செமஸ்டர் ஃபுட்பால் டீமோட ஜிபிஏ 2.121, பத்து வருஷத்துலயே கம்மி. வாக்குமூலம் இதுக்கு மேல எப்படிங்க இருக்கும்?

இவ்ளோவும் வெச்சுக்கிட்டு என்சிஏஏ மூணு தடவ நோட்டீஸ் அனுப்புது, 2015ல ஒண்ணு, 2016ல ரெண்டு, ஒவ்வொரு தடவயும் குற்றச்சாட்டு மாறி மாறி வருது. 2017 ஏப்ரல்ல யுஎன்சி கொன்சாகாவ 71-65ன்னு ஜெயிச்சு சாம்பியன். அதே வருஷம் அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை, தீர்ப்பு. கல்வி மோசடி விதிய மீறினதா முடிவுக்கு வர முடியலயாம். காரணம் என்ன தெரியுமா, அந்த கிளாஸ் விளையாட்டுப் பசங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் திறந்திருந்துச்சாம்! தண்டனை ஒண்ணே ஒண்ணு, விசாரணைக்கு ஒத்துழைக்கலன்னு ந்யாங்கோரோவுக்கு அஞ்சு வருஷம் ஷோ காஸ், அதாவது எந்த காலேஜாவது அவர விளையாட்டுப் பக்கம் வேலைக்கு எடுத்தா விளக்கம் சொல்லணும். மனுஷன் 2012லயே ரிட்டயர் ஆயாச்சு. வீட்ல உக்காந்திருக்கவருக்கு வெளிய போகக் கூடாதுன்னு தண்டனை.

இன்னொண்ணு சொல்லலன்னா தலை வெடிச்சிரும். காலேஜுக்கு அங்கீகாரம் குடுக்கற கமிஷன் கிட்ட 2015ல இவங்களே இதை "கல்வி மோசடி"ன்னு எழுத்துல ஒத்துக்கிட்டாங்க. அப்புறம் என்சிஏஏ கிட்ட வந்து, அந்த வார்த்த தட்டச்சுப் பிழைன்னு சொல்லிட்டாங்க. தட்டச்சுப் பிழை! என் மேனேஜர் கிட்ட நான் இதைச் சொன்னா அன்னிக்கே ஐடி கார்ட வாங்கிருவார்.

இப்ப எங்க கதைக்கு வாங்க. 1989 டிசம்பர்ல என்சி ஸ்டேட் பசங்க காலேஜ் குடுத்த ஷூவையும் ஓசி டிக்கெட்டையும் வித்துட்டாங்கன்னு ரெண்டு வருஷம் ப்ரொபேஷன், 1990 டோர்னமெண்ட்ல ஆடக்கூடாது. 83ல எங்களுக்கு கப் வாங்கிக் குடுத்த ஜிம் வல்வானோவ 1990ல கோச் வேலைல இருந்தே கிளப்பிட்டாங்க. நான் அப்ப மதுரைல மூணாங்கிளாஸ், ஆனா இங்க வந்து பழைய ஆளுங்க கூட உக்காந்து உக்காந்து அந்தக் கடுப்பு எனக்கும் ஒட்டிக்கிச்சு. ஷூ வித்தா தடை, டிகிரி வித்தா பேனரா?

சட்டம் தெரிஞ்சவங்க, அங்க படிச்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, நான்தான் எங்கயாவது தப்பா புரிஞ்சுக்கிட்டிருக்கேனா? திட்டறதா இருந்தாலும் பரவால்ல, காரணத்தோட திட்டுங்க.

---

நீலவானம்08 எழுதியது:

காரணத்தோட திட்டச் சொன்னீங்க, வந்துட்டேன். 2008 பேட்ச், சேப்பல் ஹில். முதல்லயே சொல்லிடறேன், நடந்தது அசிங்கம். அதை நான் மறைக்க வரல. அந்த ரிப்போர்ட் வந்தப்போ எங்க ஆபீஸ்ல ரெண்டு மாசம் என் டிகிரிய வெச்சே ஓட்டினாங்க, நீ கிளாஸுக்குப் போனியா இல்ல தபால்ல வாங்கினியான்னு. நான் கெமிஸ்ட்ரி. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லேப்ல செத்தவன். என் டிகிரிக்கும் சேத்து கறை பூசிட்டாங்களேங்கற கோவம் உங்களை விட எனக்கு ஜாஸ்தி இருக்கும் அண்ணே.

ஆனா "ஒண்ணுமே நடக்கல"ன்னு சொல்றது சரியில்ல. ஃபுட்பாலுக்கு 2012 மார்ச்லயே அடி விழுந்துச்சு, டியூட்டர் ஹோம்வொர்க்ல எழுதிக் குடுத்தது, ஏஜெண்டுங்க கிட்ட காசு வாங்கினது எல்லாம் சேத்து, ஒரு வருஷம் பௌல், அதாவது சீசன் முடிஞ்சு ஆடற பெரிய மேட்ச்சுக்குத் தடை, பதினஞ்சு ஸ்காலர்ஷிப் கட், 2008, 2009 ரெண்டு சீசன்லயும் ஜெயிச்ச பதினாறு மேட்ச் ரெக்கார்ட்ல இருந்து அழிப்பு. கோச் புட்ச் டேவிஸ அதுக்கு முன்னாடியே 2011ல தூக்கிட்டாங்க. 2015ல அங்கீகாரக் கமிஷன் ஒரு வருஷம் ப்ரொபேஷன்ல போட்டுச்சு, யுஎன்சி மாதிரி ஒரு இடத்துக்கு அது சின்ன அவமானம் இல்ல. வக்கீலுக்கும் பிஆர் கம்பெனிக்கும் கொட்டின காசு மட்டும் 1.8 கோடி டாலர் பக்கம்.

அப்புறம் விதி. நீங்க சொல்ற "எல்லாருக்கும் திறந்திருந்துச்சு" ஏதோ சாக்கு இல்ல, அதுதான் அந்த விதியோட எல்லையே. ஒரு கோர்ஸ் தரமா இல்லயாங்கறத என்சிஏஏ சொல்ல முடியாது, காலேஜ்தான் சொல்லணும். அவங்க பாக்கறது விளையாட்டுப் பையனுக்கு மத்த பசங்களுக்குக் கிடைக்காத ஸ்பெஷல் சலுகை கிடைச்சுதாங்கறது. இங்க ஃப்ரெட்டர்னிட்டி பசங்களுக்கு எல்லாம் அந்த கிளாஸ் பத்தி தெரியும், என் ரூம்மேட்டோட ஃப்ரெண்டு ஒருத்தன் எடுத்தான், அவன் வாழ்க்கைல பந்தைத் தொட்டதில்ல. அந்தம்மாவும் கஷ்டப்படற பசங்களப் பாத்து எரக்கப்பட்டுத்தான் ஆரம்பிச்சாங்கன்னு ரிப்போர்ட்லயே இருக்கு.

ஒரு விஷயம் யாரும் பேச மாட்டேங்கறாங்க. அந்த டிபார்ட்மெண்ட்ல நெஜமா பாடம் எடுத்த ப்ரொஃபசருங்க, நெஜமா படிச்ச பசங்க, அவங்க கதி? கறுப்பின மக்களோட வரலாறைச் சொல்லித் தர்ற டிபார்ட்மெண்ட்டே டுபாக்கூர்னு ஊர் பூரா ஜோக் ஆயிடுச்சு. அந்த ஜோக்க இந்த ஃபோரம்லயும் பாத்திருக்கேன், பேர் சொல்ல மாட்டேன்.

---

ஓநாய்க்கூட்டம்_கேரி எழுதியது:

கடைசி பாரா நூத்துக்கு நூறு ஒத்துக்கறேன். அந்த ஜோக் போட்டதுல நானும் ஒருத்தன், மன்னிச்சுருங்க.

ஆனா தம்பி, எரக்கம்னு சொன்னீங்கல்ல, அதே ரிப்போர்ட்ல அந்தம்மா எப்பேர்ப்பட்ட டார் ஹீல்ஸ் ரசிகைன்னும் இருக்கு, டீம் தோத்தா மறுநாள் வேலைக்கே வராம போற அளவுக்கு. எரக்கமும் இருந்திருக்கலாம், ஆனா கூடவே பாஸ்கெட்பாலும் இருந்திருக்கு. 2005 டீம்ல ஆடின ரஷாத் மெக்கான்ட்ஸ் 2014ல டிவில வந்து சொன்னாரே, அந்த ஸ்பிரிங் செமஸ்டர்ல நாலும் பேப்பர் கிளாஸ், நாலுலயும் ஏ, டீன்ஸ் லிஸ்ட்ல பேரு, கிளாஸ் பக்கமே போகலன்னு. அதே செமஸ்டர்லதான் கப்.

---

நீலவானம்08 எழுதியது:

சொன்னார். கோச் ராய் வில்லியம்ஸ் எனக்குத் தெரியாதுன்னு மறுத்தார், கூட ஆடின பசங்களும் அவர் சொன்னது எங்க அனுபவம் இல்லன்னு அறிக்கை விட்டாங்க. யார் சொல்றது உண்மைன்னு நான் எப்படிச் சொல்ல? மார்க் ஷீட்டு பொய் சொல்லாதுன்னு நீங்க சொல்லுவீங்க, அதுக்கு என் கிட்ட பதில் இல்ல.

---

மிசௌரி_மாப்ள எழுதியது:

யுஎன்சி யுஎன்சின்னு புலம்பறீங்களே, எங்க ஏரியா பக்கம் கொஞ்சம் வந்து பாருங்க. செயிண்ட் லூயிஸ்ல பதினோரு வருஷம், பொண்டாட்டி மிசௌரி யுனிவர்சிட்டி கொலம்பியால படிச்சவ, நான் அவ மூலமா ஃபேன் ஆனவன், கட்டினதுக்கப்புறம் வந்த வியாதி.

2016 நவம்பர்ல எங்க டியூட்டர் ஒருத்தங்க தானா முன்வந்து, நான் பசங்களுக்கு ஆன்லைன் கோர்ஸ்வொர்க் செஞ்சு குடுத்தேன்னு சொல்லிட்டாங்க. யாரும் பிடிக்கல, தானா. காலேஜ் உடனே என்சிஏஏவுக்குத் தகவல் சொல்லி, கூடவே நின்னு விசாரிச்சு, மொத்தம் பன்னெண்டு பசங்கன்னு கண்டுபிடிச்சு, ஆமா இது எங்க விதிப்படி மோசடிதான்னு ஒத்துக்கிட்டாங்க. கோச்சு யாரும் சொல்லிச் செய்யலன்னும் விசாரணைல தெரிஞ்சுது. 2019 ஜனவரி 31, தீர்ப்பு. ஃபுட்பால், பேஸ்பால், சாஃப்ட்பால் மூணுக்கும் ஒரு வருஷம் போஸ்ட் சீசன் தடை, மூணு வருஷம் ப்ரொபேஷன், ஸ்காலர்ஷிப் கட், ஃபைன், அந்தப் பசங்க ஆடின மேட்ச் ரெக்கார்ட்ல இருந்து காலி. நாங்க அப்பீல் போனோம், நவம்பர் வரைக்கும் இழுத்து அதையும் தள்ளிட்டாங்க.

பன்னெண்டு பேர், ஒரு டியூட்டர், முழு ஒத்துழைப்பு, மூணு டீமுக்கு தடை. அங்க 3,100 பேர், பதினெட்டு வருஷம், எல்லாம் நல்ல கோர்ஸ்தான்னு சாதிச்சாங்க, தடை பூஜ்யம். இதுல கொடுமை என்னன்னா எங்க தீர்ப்புலயே யுஎன்சி கூட ஒப்பிட்டு வித்தியாசம் சொல்லிருக்காங்க, அவங்க அந்த கோர்ஸையும் மார்க்கையும் விட்டுக் குடுக்காம நின்னாங்க, நீங்க மோசடின்னு ஒத்துக்கிட்டீங்கன்னு. அதாவது நாங்களும் வெக்கமில்லாம "எங்க பசங்களே எழுதினது"ன்னு நின்னிருந்தா தப்பிச்சிருப்போம்னு அவங்களே வழி சொல்லிக் குடுக்கறாங்க! பள்ளிக்கூடத்துல உண்மைய ஒத்துக்கிட்டவன பெஞ்சு மேல ஏத்திட்டு, நான் இல்ல சார்னு நின்னவன உக்காரச் சொல்ற வாத்தியார் மாதிரி.

அடுத்த கூத்து. அதே 2019 ஆகஸ்ட்ல மிசிசிப்பி ஸ்டேட். அங்கயும் ஒரு டியூட்டர், ஆன்லைன் கெமிஸ்ட்ரி கோர்ஸ பத்து ஃபுட்பால் பசங்களுக்கும் ஒரு பாஸ்கெட்பால் பையனுக்கும் செஞ்சு குடுத்திருக்காங்க. பதினோரு பேர். எங்களுக்கும் அவங்களுக்கும் ஒரு ஆள் வித்தியாசம், ரெண்டு காலேஜும் ஒரே எஸ்இசி கான்ஃபரன்ஸ், அதாவது ஒரே லீக். அவங்க பசங்களுக்கு எட்டு மேட்ச் சஸ்பென்ஷன், பௌல் தடை கிடையாது, ஏன்னா அதுக்குள்ள பேச்சுவார்த்தை நடத்தி தண்டனைய முடிவு பண்ற புது முறை வந்துருச்சு. ஏழு மாசம் கழிச்சு தப்பு பண்ணிருந்தா நாங்களும் தப்பிச்சிருப்போம்.

இதுல மாட்டிக்கிட்டது யாரு? கெல்லி ப்ரையண்ட்னு க்வார்டர்பேக், க்ளெம்சன்ல இருந்து 2018 டிசம்பர்ல கடைசி ஒரு வருஷம் ஆடறதுக்காக எங்க கிட்ட வந்தார், வந்து ரெண்டு மாசத்துல தடை. 2016ல டியூட்டர் என்ன பண்ணாங்கன்னு அவருக்கு என்ன தெரியும்? இருந்தும் விட்டுட்டுப் போகாம ஆடினார். 6-6ல முடிச்சோம், கணக்குக்கு பௌல் மேட்ச் தகுதி இருந்துச்சு, போக முடியல, கோச்சையும் தூக்கிட்டாங்க. என் பொண்டாட்டி அந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு டிவியே போட விடல.

---

சும்மா_பாத்துட்டு_போறவன் எழுதியது:

கேள்வி: இவ்ளோ படிச்சும் எனக்கு ஒண்ணு புரியல. வெற்றிய ரெக்கார்ட்ல இருந்து அழிக்கறது, அந்த "வின் வேகேட்"னா மேட்ச் நடக்கலன்னு அர்த்தமா? எதிர் டீம் ஜெயிச்சதா ஆகுமா?

---

மிசௌரி_மாப்ள எழுதியது:

இல்ல ப்ரோ. எதிர் டீமோட தோல்வி தோல்வியாவே இருக்கும், ஆனா நாங்க ஜெயிக்கல. மேட்ச்ல தோத்தவன் இருக்கான், ஜெயிச்சவன் இல்ல. இந்த லாஜிக்க யோசிச்சு யோசிச்சு எனக்கு முடி கொட்டிருச்சு.

---

பழைய_மினியாபொலிஸ் எழுதியது:

ரொம்ப நாளா எழுதறதில்ல, இந்த த்ரெட் பாத்து கை பரபரங்குது. நான் 97ல மினசோட்டா வந்தவன், வந்த புதுசுல ஊரே பைத்தியம் புடிச்சு திரிஞ்சுது, எங்க யுனிவர்சிட்டி கோஃபர்ஸ் பாஸ்கெட்பால் டீம் ஃபைனல் ஃபோர், அதாவது கடைசி நாலு டீம்ல ஒண்ணா போயிருந்தாங்க. பனி கொட்டற ஊர்ல ரோட்ல ஆடிப் பாடினாங்க, எனக்கு ரூல்ஸ்கூடத் தெரியாது, நானும் ஆடினேன்.

99 மார்ச்ல, டோர்னமெண்ட் ஆரம்பிக்கறதுக்கு மொத நாள், செயிண்ட் பால் பயனியர் ப்ரெஸ் பேப்பர்ல நியூஸ். ஆபீஸ்ல வேலை பாத்த ஒரு அம்மா அஞ்சு வருஷமா டீம் பசங்களுக்கு 400க்கு மேல அசைன்மெண்ட் எழுதிக் குடுத்ததா அவங்களே சொல்லிருக்காங்க. நாலு பசங்கள உக்கார வெச்சுட்டு ஆடி கொன்சாகா கிட்ட தோத்தோம். அப்ப ஊர்ல கோவம் யார் மேல வந்துச்சுன்னு நினைக்கறீங்க? கோச் மேல இல்ல, பேப்பர் மேல. எங்க கவர்னர் ஜெஸ்ஸி வென்ச்சுராவே, மேட்ச்சுக்கு மொத நாள் பாத்து போட்டீங்களேன்னு பேப்பரத்தான் திட்டினார். அந்த ரிப்போர்ட்டருக்கு அடுத்த வருஷம் புலிட்சர். 97 ஃபைனல் ஃபோர் ரெக்கார்ட்லயே இல்ல இப்ப, பேனர இறக்கியாச்சு. கோச் க்ளெம் ஹாஸ்கின்ஸுக்கு போகும்போது 15 லட்சம் டாலர் குடுத்து அனுப்பினாங்க, அப்புறம் கோர்ட்டுக்குப் போய் அதுல பாதிக்கு மேல திருப்பி வாங்கினாங்க. இன்னி வரைக்கும் எங்களுக்கு வேற ஃபைனல் ஃபோர் கிடையாது. இருந்த ஒண்ணும் போச்சு. நான் ஆடினது மட்டும் மிச்சம்.

கேரி தம்பிக்கு ஒண்ணு சொல்றேன். நோட்ரே டேம் காலேஜ் கதையும் தேடிப் பாருங்க. ஒரு ஸ்டூடண்ட் ட்ரெய்னர் சில பசங்களுக்கு ஹோம்வொர்க்ல உதவினாங்கன்னு தெரிஞ்சதும் காலேஜே அந்தப் பசங்கள 2014 சீசன்ல உக்கார வெச்சு, பழைய மார்க்கையும் திருத்திப் போட்டாங்க. மார்க்கத் திருத்தினதும், அப்ப ஆடினப்போ அவங்களுக்கு தகுதி இல்லாம போயிருச்சேன்னு என்சிஏஏ 2012, 2013 ரெண்டு சீசன் சேத்து இருபத்தொரு வெற்றிய அழிச்சுட்டாங்க. 2018 பிப்ரவரில அப்பீலும் தோத்துச்சு. அந்த காலேஜ் ப்ரெசிடெண்ட் ஃபாதர் ஜெங்கின்ஸ் கோவமா ஒரு கடிதம் போட்டார், நாங்க பசங்கள வெளிய அனுப்பிட்டு மார்க்கத் தொடாம விட்டிருந்தா இந்தத் தண்டனையே வந்திருக்காதேங்கறதுதான் அவர் வாதம். யுஎன்சி தீர்ப்பையும் அதுல இழுத்திருந்தார், இழுக்காம எப்படி இருப்பார்?

பிசிசிஐன்னு சொன்னீங்க, ரொம்ப சரி. ஸ்டேட் அசோசியேஷன் சேந்துதான் பிசிசிஐ, காலேஜ் சேந்துதான் என்சிஏஏ. யுஎன்சி தீர்ப்பு சொன்ன குழுவுக்குத் தலைவர் கிரெக் சாங்கி, எஸ்இசி கான்ஃபரன்ஸ் கமிஷனர். அவர் வேலையே பதினாறு காலேஜோட விளையாட்டு வியாபாரத்தப் பாத்துக்கறது. அவர் கெட்டவர்னு சொல்ல வரல, ஆனா "ஒரு காலேஜோட கோர்ஸ் தரமா இல்லயான்னு நாம சொல்லலாம்"னு ஒரு கதவத் தொறந்தா நாளைக்கு எல்லா காலேஜோட ஈஸி கோர்ஸ் லிஸ்ட்டும் மேசைக்கு வரும். மிச்சிகன்ல ஒரு ப்ரொஃபசர் மூணு வருஷத்துல கிட்டத்தட்ட 300 இண்டிபெண்டண்ட் ஸ்டடி எடுத்தார், அதுல 85 பர்சண்ட் விளையாட்டுப் பசங்கன்னு 2008லயே லோக்கல் பேப்பர் போட்டுச்சு. யார் யாரைப் பாத்து கல்லெறியறது? மார்ச் மேட்னஸ், அதான் அந்த பாஸ்கெட்பால் டோர்னமெண்ட், அதோட டிவி ஒப்பந்தம் 2010ல போட்டப்போ 14 வருஷத்துக்கு 1,080 கோடி டாலர். அந்த மரத்த யார் உலுக்குவாங்க.

2018ல முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ் தலைமைல ஒரு கமிஷன் போட்டு, "மத்த பசங்களுக்கும்தான் குடுத்தோம்"னு சொல்லித் தப்பிக்கறத இனிமே அனுமதிக்கக் கூடாதுன்னு வெள்ளையா எழுதிக் குடுத்தாங்க. எழுதினது பேப்பர்லயே இருக்கு. அதுவும் ஒரு பேப்பர் கிளாஸ்தான்.

---

சிவப்புப்பேனா எழுதியது:

எல்லாரும் பேனர், வின், தடைன்னே பேசறீங்க. நான் வேற பக்கத்துல இருந்து சொல்றேன், ஃபேன் எல்லாம் இல்ல, ஒரு பெரிய ஸ்டேட் யுனிவர்சிட்டில அஞ்சு வருஷம் டீஏவா, அதாவது ப்ரொஃபசருக்கு உதவியாளரா இருந்து பேப்பர் திருத்தினவ, ஊர் பேர் வேணாம்.

செமஸ்டர் நடுவுல அத்லெடிக் டிபார்ட்மெண்ட்ல இருந்து ஒரு ஃபார்ம் வரும், உங்க கிளாஸ்ல இருக்கிற இந்த இந்த பசங்க வராங்களா, இப்ப என்ன க்ரேடுன்னு. கிளாஸ் செக்கர்னு ஒரு ஆள் வந்து கதவுகிட்ட நின்னு தலை எண்ணிட்டுப் போவார். மொத தடவ பாத்தப்போ, பரவால்லயே பசங்க படிக்கணும்னு எவ்ளோ அக்கறைன்னு நினைச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது, அந்த அக்கறை பையன் சனிக்கிழமை ஆட முடியுமாங்கறதோட நின்னுரும். மூணாவது வருஷம் ஆரம்பிக்கும்போது டிகிரில 40 பர்சண்ட் முடிச்சிருக்கணும், அடுத்த வருஷம் 60, அப்புறம் 80, அப்ப அதான் விதி. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அதனால என்ன ஆகுதுன்னா, பையன் மேஜர், அதாவது முக்கியப் பாடம் மாத்தினா பர்சண்ட் விழுந்துரும், அதனால மொத வருஷமே எது லேசோ அதுல கொண்டு போய் தள்ளிடறாங்க, அப்புறம் அங்கயே சிக்கிக்கிறான்.

என் கிளாஸ்ல ஒரு பையன், ஆறடி அஞ்சு அங்குலம், டெஸ்க்குக்குள்ள கால் போகாது, சைடுல நீட்டி வெச்சிருப்பான். இஞ்சினியரிங் படிக்கணும்னு வந்தவன். லேப் மதியம், ப்ராக்டீஸும் மதியம். வாரத்துக்கு 20 மணி நேரம்தான் ப்ராக்டீஸ்னு விதி இருக்கு, "விருப்பப்பட்டு" செய்யற வொர்க்அவுட், தானா வீடியோ பாக்கறது, ட்ராவல் எல்லாம் அந்தக் கணக்குல வராது. ரெண்டாவது வருஷம் அவன் மேஜர மாத்திட்டாங்க. "நீ கேட்டியா"ன்னு கேட்டேன், "தே சேட் இட்ஸ் ஈஸியர், மேம்"னான். ஏர்போர்ட்ல உக்காந்து எழுதின பேப்பர்னு ஒருதடவ கொண்டாந்து குடுத்தான், எழுத்துப் பிழை ஏராளம், ஆனா அவனே எழுதினது. சி ப்ளஸ் போட்டேன். அந்த சி ப்ளஸ அவன் கூட்டாளிங்க கிட்ட காட்டிக்கிட்டு நின்னான், இன்னும் மறக்கல எனக்கு.

சேப்பல் ஹில்ல அந்தப் பசங்களுக்கு ஏ போட்டாங்க. நல்லது பண்றதா நினைச்சுத்தான் சில பேர் போட்டாங்க, அதை நான் நம்பறேன். ஆனா ஒரு மெயில் அந்த ரிப்போர்ட்ல இருக்கு, படிச்சீங்களான்னு தெரியல. ஒரு பொண்ணோட பேப்பர்ல ஆதாரமே இல்ல, பாடத்துக்கு சம்பந்தமே இல்ல, பழைய பேப்பர திருப்பிக் குடுத்த மாதிரி இருக்குன்னு அந்த க்ரௌடர் அம்மா எழுதிட்டு, டி போட்டா போதுமான்னு கேக்கறாங்க. போதும், அவளுக்கு அவ்ளோதான் வேணும்னு பதில் வருது. பதில் போட்டவங்க அங்க நெறிமுறை பாடம் எடுத்தவங்க, நெறிமுறை மையத்துக்கே தலைவர். அந்தப் பொண்ணு என்ன எழுதிருந்தா, ஏன் எழுத வரலன்னு அந்த மெயில்ல யாருமே கேக்கல.

உங்க கோவம் எல்லாம் தண்டனை பத்தலன்னு. சரி, பேனர இறக்கிட்டாங்கன்னே வெச்சுக்குவோம். அந்தப் பொண்ணுக்கு யார் திரும்ப கிளாஸ் எடுப்பா? 1989ல டெக்ஸ்டர் மேன்லின்னு என்எஃப்எல், அதாவது தொழில்முறை ஃபுட்பால் லீக்ல ஆடின ஆளு செனட் கமிட்டி முன்னாடி வந்து, ஓக்லஹோமா ஸ்டேட்ல நாலு வருஷம் இருந்தேன், எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு அழுதார். அப்ப ஊர் பூரா உச்சு கொட்டுச்சு. நாலு வருஷம் கழிச்சு சேப்பல் ஹில்ல பேப்பர் கிளாஸ் ஆரம்பிச்சுது.

---

நீலவானம்08 எழுதியது:

அந்த மெயில படிச்சிருக்கேன் அக்கா. ஒருதடவதான் படிச்சேன்.

மேரி வில்லிங்ஹாம்னு அங்க படிப்பு சொல்லிக் குடுத்தவங்க இதத்தான் 2014ல டிவில சொன்னாங்க, இந்தப் பசங்கள்ல நிறைய பேருக்கு வாசிப்பே வரலன்னு. அவங்க புள்ளிவிவரம் தப்புன்னு யுனிவர்சிட்டி வெளிய இருந்து நிபுணர்கள வெச்சு மறுத்துச்சு, அப்ப நாங்க எல்லாம் அத ஷேர் பண்ணி அவங்கள ஃபேஸ்புக்ல கிழிச்சோம். அவங்க வேலைய விட்டாங்க, கேஸ் போட்டாங்க, யுனிவர்சிட்டி 3,35,000 டாலர் குடுத்து முடிச்சுக்கிச்சு. அந்த நம்பருங்க சரியோ தப்போ, அடிப்படைல கிளாஸே இல்லன்னு அவங்க சொன்னது அதே வருஷம் அக்டோபர்ல ரிப்போர்ட்டா வந்துருச்சு. நான் போட்ட போஸ்ட அழிக்கல, இன்னும் இருக்கு, பாக்கும்போது ஒரு மாதிரி இருக்கும்.

---

சும்மா_பாத்துட்டு_போறவன் எழுதியது:

நம்ம ஊர்ல ஸ்போர்ட்ஸ் கோட்டால சேந்த பையன் எங்க கிளாஸ்ல ஒருத்தன் இருந்தான், மூணு வருஷமும் அட்டெண்டன்ஸ்ல ஓடி (ஆன் ட்யூட்டி) ஓடின்னே இருக்கும், நாங்க அவன் பேரே ஓடின்னு நினைச்சோம். பரிட்சைக்கு மொத நாள் ராத்திரி எங்க ரூமுக்கு வந்து நோட்ஸ் கேப்பான். பாவம், அவன் மட்டும் பேப்பர அவனே எழுதினான், ரெண்டு அரியரும் அவனே எழுதினான்.

---

மிசௌரி_மாப்ள எழுதியது:

இப்ப இன்னொரு கூத்தும் சேந்துக்கிச்சு. 2025 ஜூன்ல கோர்ட் ஒப்பந்தம் முடிஞ்சதுல இருந்து காலேஜே பசங்களுக்கு நேரடியா சம்பளம் குடுக்கலாம், ஒரு காலேஜுக்கு வருஷத்துக்கு 2 கோடி டாலர் சொச்சம் வரைக்கும். பசங்களுக்குக் காசு போறது நல்லதுதான், இத்தன வருஷம் ஓசில ஓட விட்டாங்க. ஆனா எனக்கு ஒரு சந்தேகம், சம்பளம் வாங்கற பையன் வருஷா வருஷம் காலேஜ் மாறறான், அவன் கோர்ஸ யார் பாக்கப் போறா, அதுலயும் பாதி ஆன்லைன். கிளாஸ் செக்கர் எந்தக் கதவுகிட்ட நிப்பார் சிவப்புப்பேனா மேடம்?

---

சிவப்புப்பேனா எழுதியது:

ஆன்லைன் கிளாஸுக்கு கதவே இல்லயே சார்.

---

ஓநாய்க்கூட்டம்_கேரி எழுதியது:

ரெண்டு நாளா வேலை நடுவுல இதையே படிச்சுட்டு இருக்கேன், டெட்லைன் ஒண்ணு போயிருச்சு, பரவால்ல.

விதி அப்படித்தான்னு நீலவானம் சொன்னது புரிஞ்சுது, புரிஞ்சதும் கடுப்பு கூடிருச்சு, கொறையல. ஒரு பையனுக்கு டியூட்டர் ரகசியமா எழுதிக் குடுத்தா குத்தம், ஒரு டிபார்ட்மெண்ட்டே போர்டு மாட்டி எல்லாருக்கும் குடுத்தா கல்விக் கொள்கை. சிவப்புப்பேனா மேடம் சொன்னதுக்கு எனக்குப் பதில் எழுத வரல, நான் பேனரப் பத்திதான் இத்தன வருஷம் கத்திட்டு இருந்தேன், நெஜம்.

நேத்து சாயங்காலம் அண்ணாச்சி கிட்ட இந்த த்ரெட்ட போன்ல காட்டினேன். முழுசா படிச்சார், கண்ணாடிய ஏத்தி ஏத்தி. படிச்சுட்டு அந்த ஏர்போர்ட்ல பேப்பர் எழுதின பையன் என்ன ஆனான்னு மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாதுன்னேன், மேடம்தான் சொல்லணும். கிளம்பறப்போ, பையன் மூலமா டீன் டோம்ல, அதான் யுஎன்சியோட பாஸ்கெட்பால் அரங்கத்துல, நம்ம ரெண்டு டீமும் மோதற மேட்ச்சுக்கு ஒரு டிக்கெட் கூடுதலா இருக்கு, வாரீகளான்னு கேட்டார். வரேன், ஆனா எங்க என்சி ஸ்டேட் சிவப்புச் சட்டை போட்டுக்கிட்டுதான் வருவேன்னு சொல்லிட்டேன். சீட்டு எங்கன்னு கேட்டேன். 2005 பேனருக்கு நேர் கீழயாம்.